கேளுங்கோ, கதைப்பம்: கானாவில மேளம் பழகப் போறவைக்கு

போன மாசம் இந்தப் பக்கத்தில கானா நாட்டு எவே சனத்தின்ர மேளத்தையும் ஆட்டத்தையும் பற்றி ஒரு பத்தி எழுதினன். நானும் அங்க ஒரு கிராமத்தில கொஞ்சக் காலம் இருந்து பழகினனான் எண்டும் சொல்லியிருந்தன். அதோட சரி, வட்ஸ்அப்பில மெசேஜ், தபாலில கடிதம், கோயில் வாசலில மறிச்சுக் கேள்வி எண்டு நிக்கவே விடேல்லை. அதால இந்த மாசம் முழுக்க இதுதான். மாமரத்தில பூச்சி பிடிச்சதுக்கு மருந்து கேட்டவர் கோவிக்க வேண்டாம், அடுத்த இதழில கட்டாயம் வரும்.

ஒண்டை முதலே சொல்லிப் போடுறன். ஆபிரிக்கா எண்டது ஒரு நாடு இல்லை, 54 நாடு. நான் கதைக்கிறது பெரும்பாலும் கானாவின்ர தென்கிழக்கில வோல்ட்டாப் பக்கம் இருக்கிற எவே ஆக்களைப் பற்றி, அதிலயும் கரையோரத்தில இருக்கிற அன்லோ எவே. எல்லைக்கு அங்கால டோகோவிலயும் எவே சனம் கனக்க இருக்கு.

*

அக்கா, நான் இணுவில். சின்னனில இருந்து மிருதங்கம் வாசிக்கிறன், மேடையும் ஏறியிருக்கிறன். மூண்டு மாசம் லீவு எடுத்து கானாவில ஒரு கிராமத்தில தங்கி மேளம் பழக யோசிக்கிறன். கோபேயியா எண்ட ஊரில ஒரு நிலையம் இருக்காமே? லயம் ஏற்கெனவே தெரியும் எண்டபடியா நேர பெரிய மேளத்தில தொடங்கலாமோ?

தம்பி, ஏலாது. கேட்டா மரியாதையாச் சிரிப்பினம், ஆனா குச்சிய உங்கட கையில தரமாட்டினம்.

நீங்கள் கேள்விப்பட்ட நிலையம் உண்மைதான். டாக்பே கலாசார நிலையம் எண்டு பேர், கோட்வின் அக்பெலி எண்ட பெரிய கலைஞர் 1982இல தன்ர சொந்த ஊரில தொடங்கினது, டோகோ எல்லைக்குக் கிட்ட அஃப்லாவோப் பக்கம். வெளிநாட்டு மாணவர் கனபேர் வந்து தங்கிப் படிச்சிருக்கினம். நிலையத்துக்குப் போங்கோ, இல்லை ஆரும் தெரிஞ்ச ஆக்கள் மூலமா வேற ஊருக்குப் போங்கோ, எங்க போனாலும் உங்கட கையில முதல் வாறது மணிதான்.

கங்கோகுயி எண்டுறது ஒண்டுக்கு மேல ஒண்டு ஒட்டின ரெண்டு வாய் இரும்பு மணி, கொல்லன் அடிச்சுச் செய்யிறது. அதோட அக்சாட்சே, சுரைக்குடுவைக்கு மேல மணி கோத்த வலை போட்டது, துடையிலயும் உள்ளங்கையிலயும் மாறி மாறி அடிக்கிறது. பிறகு சின்ன மேளம் காகான், அதுக்கு மேல கிடி, அதுக்கு மேல சொகோ, கடைசியாத் தாங்கில சாய்ச்சு வைச்சு நிண்டு கொண்டு அடிக்கிற அட்சிமேவு, கிட்டத்தட்ட ஆளுயரம் வரும். எல்லா ஆட்டத்துக்கும் எல்லா மேளமும் தலைமை தாங்கிறதில்லை. அக்பாட்சா எண்ட ஆட்டத்தில சொகோ தான் தலைமை, காஹு எண்ட ஆட்டத்தில கொபோபா எண்டு ஒரு கனத்த மேளம்.

இப்ப உங்களுக்கு வீட்டிலயே ஒரு பரீட்சை. 12 மாத்திரை எண்ணுங்கோ. 1, 3, 5, 6, 8, 10, 12 இல கையத் தட்டுங்கோ, மொத்தம் 7 தட்டு. இதுதான் அக்பாட்சாவின்ர மணி. சுகம் எண்டு நினைப்பியள். சரி, இனி அதே நேரம் காலால 1, 4, 7, 10 இல மிதியுங்கோ, ஏனெண்டா ஆடுற ஆக்களின்ர கால் அங்கதான் விழும். மணியும் காலும் சந்திக்கிறது 1லயும் 10லயும் மட்டும்தான், 4லயும் 7லயும் கால் தனிய நிக்கும். இப்ப பாட்டும் பாடோணும். பக்கத்தில நிக்கிற அம்மா சிரிச்சுக்கொண்டு கதைச்சுக்கொண்டு பிள்ளையையும் இடுப்பில வைச்சுக்கொண்டு இதெல்லாம் செய்வா, நாங்கள் அரங்கேற்றம் முடிச்ச ஆக்கள் மூக்கால வேர்வை ஒழுக நிப்பம்.

மிருதங்கக்காரருக்கு எங்க இடறும் எண்டு சொல்லுறன். கணக்கில இல்லை. கணக்கு உங்களுக்கு வரும், 12ஐ நாலு தகிட எண்டு பிரிச்சுப் போட்டா முதல் நாளே பிடிபட்டிடும். இடறுறது சும்மா இருக்கிறதில. எங்கட ஆக்களுக்கு ஒரு வியாதி இருக்கு, கொஞ்ச நேரம் ஒரே சொல்ல வாசிச்சா கை அரிக்கும், ஒரு மோறா, ஒரு கோர்வை, ஒரு தீர்மானம் வைச்சுப் பாக்காம விடமாட்டம். காகான் வாசிக்கிற ஆளுக்கு அந்த உரிமை இல்லை. அக்பாட்சாவில கால் விழுற மாத்திரைய விட்டிட்டு அடுத்த ரெண்டு மாத்திரையில அடி, திரும்ப விடு, திரும்ப ரெண்டு அடி, அவ்வளவுதான், ஒரு மணித்தியாலம் எண்டாலும் அதேதான். நீங்கள் அதில ஒரு அலங்காரம் போட்டா அழகாயிருக்காது, பக்கத்தில கிடி வாசிக்கிறவர் தடுமாறுவார், ஏனெண்டா அவர் தன்ர இடத்தை உங்கட வெறுமைக்குள்ள தான் பிடிச்சு வைச்சிருக்கிறார். கொஞ்ச நாள் போக ஒரு கட்டத்தில உங்கட அடி உங்களுக்குக் கேக்காது, மணியும் காகானும் கிடியும் சேர்ந்து ஆரும் வாசிக்காத ஒரு மெட்டு நடுவில கேக்கத் தொடங்கும். அது கேட்ட பிறகுதான் தலைமை மேளம் எங்க கூப்பிடுது, கிடி எப்பிடி மறுமொழி சொல்லுது, ஆடுறவை ஏன் திடீரெண்டு திரும்பினவை எண்டதெல்லாம் விளங்கும். அசகுனோ எண்டு சொல்லுற தலைமை மேளக்காரர் எல்லாற்ற பங்கையும் வாசிச்சு, ஆடி, பாட்டும் தெரிஞ்ச பிறகு அங்க வந்த ஆள். மூண்டு மாசத்தில நீங்கள் ரெண்டு மூண்டு ஆட்டத்துக்கு மணியும் காகானும் கிடியும் ஒழுங்கா வாசிச்சா அது பெரிய காரியம். பெரிய மேளத்தில கொஞ்சம் தொட்டுக் காட்டுவினம், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, ஆனா அதுக்காகப் போகாதேங்கோ.

உங்களுக்கு ஒரு லாபம் இருக்கு. அவையும் மேளத்தை வாயால சொல்லித்தான் படிப்பிப்பினம், எங்கட சொற்கட்டு மாதிரியே. நோட்ஸ் எழுதிப் பழகின வெள்ளைக்காரப் பிள்ளையள் கொப்பியத் தேட, நீங்கள் வாயால திருப்பிச் சொல்லுவியள், அதுக்கே வாத்தியாருக்கு முகம் மலர்ந்திடும். அவற்ற சொல்லை அவர் சொன்ன மாதிரியே பழகுங்கோ. எவே பாசை குரல் ஏற்ற இறக்கத்தில பொருள் மாறுற பாசை, மேளச் சொல்லிலயும் அந்த ஏற்ற இறக்கம் கிடக்கு, நீங்கள் தகதிமி எண்டு மாத்தினா அது போயிடும்.

*

வணக்கம் அக்கா. நல்லூரில ஒரு சின்ன நடனப் பள்ளி நடத்துறன். பரதம் படிச்ச உடம்புக்கு அவையின்ர ஆட்டம் கெதியா வருமோ? சலங்கை கட்டுவினமோ? அரைமண்டி மாதிரி ஏதும் இருக்கோ?

ரீச்சர், முழங்கால் மடிக்கிறது இருக்கு, அந்த மட்டில சந்தோசப்படலாம். மற்றதெல்லாம் மறக்க வேண்டியது. நாங்கள் முதுகை நிமித்தி, தோளை அசையாம வைச்சு, கையையும் காலையும் வேலை செய்யச் சொல்லுவம். அன்லோ எவே ஆட்டத்தில முதுகுதான் ஆடுது. உடம்பை முன்னுக்குச் சரிச்சு, முழங்கைய மடிச்சு, தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னுக்கு இழுத்து விடுறது, இழுத்து விடுறது, கோழி செட்டை அடிக்கிற மாதிரி இருக்கும், அதுவும் மணிக்குச் சரியா. எங்கட பிள்ளையளுக்கு முதல் ரெண்டு கிழமை இது வராது. தோளை மேல தூக்குவினம், அது வேற, இது வேற. கண்ணாடி பாத்துப் பழகிறதும் அங்க இல்லை, முன்னால ஆடுற கிழவியின்ர முதுகைப் பாத்துப் பழகுறதுதான், நான் அப்பிடித்தான் பழகினனான், இப்பவும் அந்த அம்மான்ர முதுகு ஞாபகம் இருக்கிற அளவுக்கு முகம் ஞாபகம் இல்லை.

எங்கட மாதிரிக் கொத்துச் சலங்கை கட்டிற வழக்கம் நான் பாத்த அக்பாட்சாவில, காஹுவில இல்லை. மேடை, சபை எண்டும் பிரிவு இல்லை. மேளக்காரர் ஒரு பக்கம், பாடுற பொம்பிளையள் சுத்தி, நடுவில வெளி. ரெண்டு பேர் சேர்ந்து உள்ள வந்து கொஞ்சம் ஆடிப்போட்டுப் போயிடுவினம், பிறகு வேற ரெண்டு பேர். காஹு எண்டா வட்டமாச் சுத்தி ஆடுறது. வயசு, பருமன் ஒண்டும் கணக்கில்லை. உங்களை ஆரும் கையப் பிடிச்சு இழுத்தா வெக்கப்பட்டு நிக்காதேங்கோ, மாட்டன் எண்டு சொல்லுறது தான் மரியாதைக் குறைவு.

ஆட்டத்துக்குப் பின்னால கதையும் இருக்கு, அதையும் கேட்டுப் பழகுங்கோ. அக்பாட்சா பழைய போர் ஆட்டத்தில இருந்து வந்தது, இப்ப எல்லாரும் எல்லா இடத்திலயும் ஆடுவினம். எவே முன்னோர் இப்ப டோகோவில இருக்கிற நோட்சே எண்ட மதில் நகரத்தில அக்கோர்க்கோலி எண்ட கொடுமையான அரசனுக்குக் கீழ இருந்தவையாம், ஒரு இரவு மதிலை உடைச்சு வெளிய போகேக்க காலடித் தடம் உள்ள வந்த மாதிரித் தெரியட்டும் எண்டு பின்பக்கமா நடந்து போனவையாம். அதை ஞாபகப்படுத்துற ஹுசாகோ எண்ட ஆட்டத்தில அந்தப் பின் நடை வரும். நிருத்தமோ நாட்டியமோ எண்டு தேடாதேங்கோ, ஆடுறவைக்கு அது அவையின்ர ஊர்க்கதை.

பள்ளிக்கூடத்தில சொல்லிக் குடுக்கிற ஆளா நீங்கள் போறதால ஒண்டு சொல்லோணும். அங்க கண்டதை இஞ்ச வந்து பரதத்தோட கலந்து 'பியூஷன்' எண்டு ஆண்டு விழாவில வைக்கிற எண்ணம் இருந்தா, ஒரு அஞ்சு வருசம் பொறுங்கோ. என்ர அபிப்பிராயம் அது, கோவிச்சாலும் பரவாயில்லை.

*

மருதனார்மடத்தில படிக்கிறன், ஆய்வுக்காக ஒரு எவே கிராமத்துக்குப் போகப் பாக்கிறன். ஆரிட்ட அனுமதி எடுக்கிறது? காசு எப்பிடிக் குடுக்கிறது? எல்லாத்தையும் வீடியோ எடுக்கலாமோ? பொம்பிளப் பிள்ளையளுக்கு மேளம் படிப்பிப்பினமோ?

நல்ல கேள்வி தங்கச்சி, கனபேர் போய் வந்த பிறகுதான் இதுகளை யோசிக்கிறவை.

ஊருக்குப் போன உடன தலைவரையும் பெரியாக்களையும் போய்க் காணோணும். வெறுங்கையோட போறதில்லை, ஒரு போத்தில் சாராயம் கொண்டு போறது வழக்கம், ஷ்னாப்ஸ் எண்டு பச்சைப் போத்திலில கடையளில இருக்கும். அதில கொஞ்சம் நிலத்தில ஊத்தி முன்னோரைக் கூப்பிட்டுச் சொல்லுவினம், இன்ன நாட்டில இருந்து இன்ன பிள்ளை வந்திருக்குது, எங்கட மேளம் பழகப் போகுது, பாத்துக்கொள்ளுங்கோ எண்டு. குடிக்கிறேல்லை எண்டா உதட்டில தொட்டிட்டுக் குடுத்தாக் காணும், ஆரும் வற்புறுத்த மாட்டினம். ஏதும் குடுக்கிறதும் வாங்கிறதும் வலக்கையால, இதை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காசுக் கதைய முதல் கிழமையே வெளிப்படையாக் கதையுங்கோ. வாத்தியாருக்கு மட்டும் குடுத்தாப் போதும் எண்டு நினைக்கிறது தான் கனபேர் விடுற பிழை. நீங்கள் காகான் பழகேக்க மணிக்கு ஒராள், அக்சாட்சேக்கு ஒராள், கிடிக்கு ஒராள், சொகோக்கு ஒராள் எண்டு நாலு பேர் தங்கட தோட்டத்தையும் வலையையும் விட்டிட்டு வந்து இருக்கினம். அவையளுக்கும் போகோணும். எப்பிடிப் பிரிக்கிறது எண்டதை வாத்தியாரிட்டையே விடுங்கோ, நீங்கள் நடுவில பூந்து ஆளுக்காள் தனியக் குடுத்தா ஊருக்குள்ள சண்டை வரும்.

வீடியோ கேட்டிட்டு எடுங்கோ. ஒருக்காக் கேட்டது எல்லா நாளுக்கும் போதாது, செத்தவீடு எண்டா அந்த வீட்டாரிட்டத் திரும்பக் கேக்கோணும். யூரியூப்பில போடப் போறியள் எண்டா அதையும் சொல்லுங்கோ. பாட்டுக் கட்டின ஆளின்ர பேரைக் கேட்டு எழுதி வையுங்கோ. ஹெசினோ எண்டு சொல்லுறது பாட்டுக் கட்டிற, பாட்டை எடுத்துக் குடுக்கிற ஆளை, அவரை ஊரே மதிக்கும், அவற்ற பாட்டை நாங்கள் 'நாட்டார் பாடல், ஆக்கியோர் தெரியாது' எண்டு போடுறது அநியாயம். தெய்வ வழிபாட்டு மேளம் வேற விசயம். யேவே கோயில் மேளம், ஆட்டம் தீட்சை பெற்ற ஆக்களுக்கு உரியது, அதுக்குள்ள பூந்து ரெக்கோட் பண்ண நிக்காதேங்கோ. உங்கட ஆய்வில அந்த அத்தியாயம் வெறுமையா இருந்தாலும் ஒரு பேராசிரியரும் உங்களைப் பெயிலாக்க மாட்டார்.

பொம்பிளையள் விசயம். பழைய வழக்கப்படி மேளம் ஆம்பிளையளின்ர கையில, பாட்டும் ஆட்டமும் பொம்பிளையளின்ர கையில. வெளியால இருந்து பழக வாற பெட்டையளுக்கு எல்லா மேளமும் படிப்பிப்பினம், எனக்கும் படிப்பிச்சவை, அங்கத்தைப் பெட்டையளும் இப்ப வாசிக்கினம். ஆனா ஊர் நிகழ்வு எண்டு வந்தா உங்களைப் பாடுற பக்கம் தான் எதிர்பாப்பினம். எனக்கு முதல் அது கொஞ்சம் குறையாத்தான் தெரிஞ்சது, பேந்து பாட்டுப் பக்கம் இருந்து தான் மேளம் என்ன சொல்லுது எண்டு கூட விளங்கினது. பாட்டுத் தெரியாம மேளம் மட்டும் பழகிக்கொண்டு வாறவைய எனக்குத் தெரியும், கேட்டாச் சத்தம் சரி, சாரம் இருக்காது.

*

மகள் இந்த அலுவலாக் கானா போறன் எண்டு நிக்கிறாள். எனக்கு நித்திரை இல்லை. அங்க வருத்தம் வாராதோ? என்னத்தைச் சாப்பிடுறது? தனியப் பிள்ளை எப்பிடி இருக்கிறது? (கொக்குவில் தாய்)

அக்கா, பயப்பிட வேண்டியதுக்குப் பயப்பிடுவம், மற்றதை விடுவம். கானாவுக்குள்ள போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை கட்டாயம். திரும்பி வரேக்க இலங்கையும் அதைக் கேக்கும். போட்டு 10 நாளுக்குப் பிறகுதான் அட்டை செல்லும், அதால ரிக்கற் எடுத்திட்டுக் கடைசிக் கிழமை ஓடித்திரியக் கூடாது. ஒருக்காப் போட்டா ஆயுளுக்கும் காணும்.

மற்றது மலேரியா. இதுதான் உண்மையான ஆபத்து, மஞ்சள் காய்ச்சலை விட. எங்கட நாட்டில மலேரியா இல்லை எண்டு உலக சுகாதார நிறுவனம் 2016இல சொன்னது, அதால இப்பத்தைப் பிள்ளையளுக்கு அந்தக் காய்ச்சலே தெரியாது. போறதுக்கு முதல் மலேரியாத் தடை இயக்கத்தில கேட்டா தடுப்பு மருந்து குடுப்பினம், சொன்ன மாதிரி அங்க இருக்கேக்கயும், வந்த பிறகும் விடாமக் குடிக்கோணும். நுளம்பு வலை வேணும். வந்து எத்தினை மாசம் கழிச்சுக் காய்ச்சல் வந்தாலும் டொக்ரரிட்ட 'நான் ஆபிரிக்கா போட்டு வந்தனான்' எண்டு முதல் வசனமாச் சொல்லச் சொல்லுங்கோ, இல்லாட்டி டெங்குவெண்டு பாத்துக்கொண்டு இருந்திடுவினம்.

சாப்பாட்டுக்குப் பிள்ளை அழாது. அக்ப்ளே எண்டு சோள மாவில கிண்டின களி, வெண்டிக்காய்க் குழம்பு, பொரிச்ச மீன், உறைப்புச் சம்பல் மாதிரி ஒண்டு, எல்லாம் கையாலதான் சாப்பிடுறது. கேட்டா (Keta), அன்லோகா எண்ட கரையோர ஊர்ப் பக்கம் போனா உங்களுக்கே ஊர் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, தென்னை, நடுவில மணல் நிலத்தில பாத்தி கட்டிச் சின்ன வெங்காயம். நான் முதல் கண்ட உடன கோப்பாய் ஞாபகம் வந்து நிண்டிட்டன். மரக்கறிக்காரர் எண்டா கொஞ்சம் கரைச்சல், குழம்பில கருவாட்டுத் தூள் போடாம அவைக்குச் சமைக்கத் தெரியாது, முதலே சொல்லி வைக்கோணும்.

பாசைப் பிரச்சினை பெரிசா இல்லை, கானாவில ஆங்கிலம் அரச மொழி. ஆனா கிழவியள் எவேயில தான் கதைப்பினம். போகேக்கயும் வரேக்கயும் நிண்டு சுகம் விசாரிக்கோணும், அம்மா எப்பிடி, அப்பா எப்பிடி, பிள்ளையள் எப்பிடி எண்டு ஒரு வரிசை. அதைச் செய்யிற பிள்ளைய ஊர் தன்ர பிள்ளையாப் பாக்கும். குடும்பத்தோட தங்கிற ஒழுங்கு செய்யுங்கோ, தனிய அறை எடுக்க விடாதேங்கோ.

*

கொழும்பில ஒரு ஜெம்பே வாங்கினன். கானா மேளம் இதில பழகலாமோ? யூரியூப் காணுமோ?

ஜெம்பே கானா மேளமில்லை. அது மாலி, கினிப் பக்கத்து மண்டிங் ஆக்களின்ர. கினியில குருசாவுக்குக் கிட்ட ஹமனா நாடு எண்டுற இடத்து மேளம் தான் உலகம் முழுக்கப் போனது, பேர் பெற்ற ஜெம்பேக் கலைஞர் ஃபமுது கொனாத்தே அந்தப் பக்கத்து ஆள், மற்றப் பெரிய கலைஞர் மமடி கெய்ட்டா (1950–2021) சிகிரிப் பக்கம். யூரியூப்பில கை வைக்கிற விதம், மூண்டு விதமான சத்தம், அதுவரைக்கும் பழகலாம். அதுக்குப் பிறகு மூண்டு துன்துன் மேளம் பக்கத்தில வாசிக்க ஆள் வேணும். மூண்டு சிநேகிதரைப் பிடியுங்கோ, வீடியோ தேடுறதை விட அது பலன்.

*

பிள்ளை, நான் காரைநகர், ஓய்வுபெற்ற அதிபர். எங்கட கூத்தே கவனிப்பாரற்றுக் கிடக்குது. கூத்துப் பழக்கிற அண்ணாவிமார் ஒவ்வொருத்தராப் போய்ச் சேருகினம். இந்த நிலையில எங்கட பிள்ளையளை ஆபிரிக்காவுக்கு மேளம் பழகப் போ எண்டு சொல்லுறது நியாயமோ? பரம்பரைக் கலை எண்டா அவையவை அவையவையின்ரயப் படிக்கட்டும்.

ஐயா, கோவத்தில நியாயம் இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்டை ஒண்டு தின்னிற விசயம் எண்டு எனக்குப் படேல்லை. நான் சின்னனில கூத்துப் பாத்தனான், நித்திரை தூங்கித் தூங்கி. அண்ணாவியார் ஏன் எல்லாற்ற பாட்டையும் பாடமாக்கி வைச்சிருக்கிறார், பிற்பாட்டுக்காரர் இல்லாட்டி ராசா வேசம் ஏன் படுத்திடும், தாளம் போடுற பெடியன் ஏன் அவ்வளவு முக்கியம் எண்டதெல்லாம் எனக்கு விளங்கினது எவே ஊரில மணி அடிச்ச பிறகு. இஞ்ச நான் படிச்ச சங்கீதத்தில ஒராள் பாட மற்றவை பக்கவாத்தியம். கூத்து அப்பிடி இல்லையே. ஊர் சேர்ந்து மாசக்கணக்கில பழகி ஆடுறது. அந்தப் பழக்கத்தை விட்டிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாத்தப் பாக்கிறம், அதுதான் கவனிப்பாரற்றுக் கிடக்குது எண்டு நான் நினைக்கிறன்.

அவையின்ர கலையும் பத்திரமா இருக்குது எண்டு நினைக்காதேங்கோ. உகண்டாவில புசோகா எண்ட நாட்டில பிக்வாலா எண்டு சுரைக்குடுவை ஊதுகுழல் இசை. ஒரு குழலில ஒரு சுரம் மட்டும்தான் வரும், அஞ்சு பேர் சேர்ந்தாத்தான் ஒரு மெட்டு. அரச வைபவத்து இசை அது, 1960களில அங்கத்தை அரசுகளை ஒழிக்க ஆதரிக்க ஆளில்லாமப் போச்சு, 2012இல யுனெஸ்கோ அவசரமாப் பாதுகாக்க வேண்டிய பட்டியலில சேர்க்கேக்க முழுக்கத் தெரிஞ்ச கிழவர்மார் விரல் விட்டு எண்ணுற அளவு. ஒராள் செத்தா ஒரு சுரம் போச்சு.

மேடையேத்தின கதையும் ஒரே காலத்துக் கதை. பேராசிரியர் வித்தியானந்தன் (1924–1989) பேராதனையில 1960களில கூத்தை விடிய விடிய ஆடுறதில இருந்து ஒண்டரை மணித்தியாலமாச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்த அதே நேரம் தான், கானாவில சுதந்திரம் கிடைச்சு அஞ்சு வருசத்தில, 1962இல தேசிய நடனக் குழு தொடங்கி ஊர் ஆட்டங்களைச் சுருக்கி மேடைக்கு எடுத்தவை. பேராசிரியர் என்கெட்டியா (1921–2019) எண்ட அறிஞர் முன்னுக்கு நிண்டார். அங்கயும் 'இது உண்மையான ஆட்டமில்லை' எண்டு சண்டை, இஞ்சயும் சண்டை. பரம்பரை எண்டதும் நாங்கள் நினைக்கிற மாதிரி அசையாத சாமான் இல்லை, மேல சொன்ன காஹு ஆட்டம் நைஜீரியா, பெனின் கரைப் பக்கம் மீன்பிடிக்கப் போன எவே ஆக்கள் 1950களில கொண்டு வந்தது, இப்ப அதுவும் பரம்பரை.

அவையவை அவையவையின்ரயப் படிக்கட்டும் எண்டு சொன்னியள். ஐயா, இதில எனக்குக் கொஞ்சம் காரமாச் சொல்ல இருக்கு. மேற்கு ஆபிரிக்காவிலயும் பிறப்பால வாற கலைஞர் குலம் இருக்கு, மண்டிங் நாட்டில ஜெலி எண்டு சொல்லுறவை, குயாத்தே, ஜபாத்தே எண்ட பேரைக் கேட்டாலே தெரிஞ்சிடும், 21 நரம்புக் கோராவும் மரக்கட்டையில தட்டி வாசிக்கிற பலஃபோனும் அவையின்ர சொத்து. எவே ஊரில அப்பிடி இல்லை, ஒரு குலத்துக்கு எழுதிக் குடுத்த மேளம் இல்லை. செத்தவீட்டுக்கு மேளம் அடிக்கிறது ஊர்ச் சங்கம். மீன்பிடிக்கிறவர், தோட்டக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாம் கூடி அடிப்பினம், அடிச்சவரை அடுத்த நாள் ஆரும் வாசலில நிப்பாட்டினதில்லை. இஞ்ச பறை அடிச்ச ஆளை நாங்கள் எங்க நிப்பாட்டினனாங்கள் எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பிறகு அந்தப் பிள்ளையள் பறை பழக மாட்டம் எண்டு விட, கலை அழியுது எண்டு நாங்கள் அழுகிறம். இப்ப மேடையில பறை அடிக்கிற பெடியளும் பெட்டையளும் வந்திட்டினம், எனக்குச் சந்தோசம், ஆனா ஊருக்குள்ள அந்தக் கணக்கு இன்னும் தீரேல்லை.

கானா போக வசதி இல்லாத பிள்ளையளுக்கு ஒண்டு சொல்லுவன், இதை நீங்களே உங்கட பழைய மாணவருக்குச் சொல்லலாம். புத்தளத்துக்குக் கிட்ட சிறாம்பையடியில ஆபிரிக்க வழி வந்த இலங்கையர் இருக்கினம், போர்த்துக்கீசர் காலத்தில இருந்து கொண்டுவரப்பட்டவையின்ர பரம்பரை. அவையின்ர மஞ்சா இசையில சிரட்டை, போத்தில், கரண்டி எண்டு கையில அம்பிட்டதெல்லாம் தாளம், மெல்லத் தொடங்கி வேகமாகி வேகமாகி ஆட்டத்தில போய் நிக்கும். பஸ் ஏறினா ஒரு நாளில போய் வரலாம். எங்கட பிள்ளையள் எத்தினை பேர் போயிருக்கினம்?

*

எந்த மாசம் போறது நல்லம்? (பெயர் வேண்டாம், சாவகச்சேரி)

கரையோர எவே ஊர் எண்டா நவம்பர். அன்லோகாவில ஹொக்பெட்சோட்சோ திருவிழா நவம்பர் முதலாம் சனிக்கிழமை, நோட்சேயில இருந்து வெளிக்கிட்ட கதையைக் கொண்டாடுறது, கண்ட கண்ட ஊரில இருந்தெல்லாம் மேளக் குழுக்கள் வரும். தங்க இடம் முதலே பிடியுங்கோ. பெரிய மழை ஏப்ரலில இருந்து ஜூன், அந்த நேரம் முற்றத்தில பழகிறது தடைப்படும், தோலும் இளகிப் போகும். பழகிற மாசம் எதெண்டாலும் சனிக்கிழமையளை வெறுமையா வைச்சிருங்கோ, செத்தவீட்டு மேளம் பெரும்பாலும் அண்டைக்குத்தான், வகுப்பில பத்து நாள் பழகினதை அங்க ஒரு பின்னேரத்தில காணலாம்.

மற்றது, மே, ஜூன் பக்கம் தலைநகர் அக்ராவில இறங்கிறியள் எண்டா கவனம். ஹொமோவோ எண்ட திருவிழாவுக்கு முதல், அக்ராப் பக்கத்து 'கா' எண்ட சனத்தின்ர வழக்கப்படி ஒரு மாசமளவில நகரத்தில மேளம் அடிக்கத் தடை, தேவாலயங்களுக்குக் கூடச் சத்தத்தைக் குறை எண்டு சொல்லுவினம். வோல்ட்டாவில அந்தத் தடை இல்லை. ஆனா அக்ராவில தங்கிற அறையில இருந்து கொண்டு ஆசையில ஒருக்காத் தட்டிப் பாக்காதேங்கோ, வீட்டுக்காரருக்குத் தான் வில்லங்கம்.